ஜமுக்காளத்துக்கு அடியில்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் உதவியாளனாக இருந்தேன். முத்துச்சிப்பி, சங்கு, கண்ணாடி ஜாடிகளில் ஃபார்மலின் ஊற்றி வைத்த கடல் அட்டை, நட்சத்திர மீன், இவைதான் அங்கே இருந்தவை. ஒரு வருஷம் ஆண்டு விழாவுக்கு உள்ளேயே பாட்டுக் கச்சேரி வைப்பதென்று எங்கள் அதிகாரி முடிவு செய்தார். மதுரையிலிருந்து ஒரு அம்மா பாட வந்தார்கள். அறுபது வயதிருக்கும்.

அன்று மத்தியானம் மேடைப் பலகைகளைப் போட்டுவிட்டு, இடைஞ்சலாக நின்ற ஜாடிகளை நகர்த்தினேன். ஒன்று கை நழுவிப் பலகைமேல் விழுந்து உடைந்தது. யாரும் பார்க்கவில்லை. சில்லுகளைப் பொறுக்கினேன், துணியால் துடைத்தேன். ஃபார்மலின் மருந்தை மரம் குடித்துவிட்டிருந்தது; அதன் நெடி கண்ணிலும் தொண்டையிலும் ஏறியது. அதிகாரியிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். ஜமுக்காளத்தை விரித்து மூடினேன்.

சாயங்காலம் கூட்டம் நிறைந்தது. ரோட்டுச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்கள். நான்தான் சாத்தினேன்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. மாதா கோயில் பாடல் குழுவில் பாடியதற்கு மேல் எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் என்னை நிறுத்திவைத்தது. மூன்றாவது பாட்டில் அம்மா இருமினார்கள். மேலே போகும் இடத்தில் குரல் கம்மியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் எடுத்தார்கள். திரும்பவும் கம்மியது. வயலின்காரரும் கண்ணைக் கசக்கினார். மருந்து வாடை அங்கே எப்போதும் உள்ளதுதான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உப்பளத்து அண்ணாச்சி, "தொண்டை போயிட்டு. இன்னும் எதுக்குப் பாட வாராவ?" என்றார். நான் தலையாட்டினேன். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான் தலையாட்டினேன்.

அம்மா பாதியில் கைகூப்பி, வயதாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சபையிடம் சொல்லி மங்களம் பாடி முடித்தார்கள்.

மறுநாள் அம்மாவை ரயிலேற்றிவிட என்னையே அனுப்பினார்கள். தம்பூராவை உள்ளே வைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "இனிமே மேடை வேண்டாம்னு நெனைக்கிறேன் தம்பி. நேத்து சபையில சொன்னது நெஜந்தான்" என்றார்கள். குரல் அதற்குள் தெளிந்திருந்தது, அதை அவர்கள் கவனிக்கவில்லை. ஊருக்குப் போய்ப் பாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அந்த மட்டுக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. "ஒன்ன மாதிரி ஒருத்தன் எல்லா ஊர்லயும் இருந்தா நல்லது தம்பி" என்றார்கள்.

அதன்பிறகு அவர்கள் பாடினார்களா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

பல வருஷம் கழித்து என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "ரயில் கெளம்ப எவ்வளவு நேரம் இருந்திச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

கால் மணி நேரம் என்றேன்.