மூடுபனியில் மாமாவின் குரல்

எங்கள் கடலோர ஊரான எருக்கலம்பிட்டியில் ஆக உயரமான இடம் பள்ளிவாசல் மினாராதான். அதற்கு மேல் காகம் மட்டும். நாளை என் பேரன் கூட்டாளிகள் ஆறு பேருடன் மலைக்காட்டில் நடக்கப் போகிறான். அவனுடைய பையில் விசிலும் இரண்டு ரோச் லைட்டும் இருக்கின்றனவா என்று மூன்றாம் தரமும் பார்த்துவிட்டேன். அவனுக்கு எரிச்சல். எட்டு வயதில் நான் போன மலையும் அதுதான்.

அன்று போனவர்கள் ஐந்து பேர்: வாப்பா, உம்மா, உம்மாவின் தம்பியான மாமா, என் மூத்த சகோதரியான ராத்தா, நான். மாமா தோணிக்காரர். பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று காட்டு வாசலில் நின்ற காவலர் சொல்லியே அனுப்பினார். புல்வெளியின் நடுவில் மூடுபனி வந்து பாதையை விழுங்கியது. பின்னாலேயே மழை. பாதையோரத்து ஓடைக் கரையில் ஒதுங்கி உட்கார்ந்தோம். ராத்தாவுக்கு மூச்சிழுப்பு வந்து உதடு நீலம் பாரித்தது.

"இருங்கோ மச்சான், நான் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று மாமா எழுந்தார்.

"எங்கயெண்டு போவாய்? கண்ணே தெரியேல்ல," என்றார் வாப்பா.

"இந்த ஓடைத் தண்ணி எங்க போகும்? கடலுக்குத்தானே! அதைப் பிடிச்சு இறங்கினா ஊர் வரும். படிச்ச மனுசன், இதுவும் தெரியாதா?"

வாப்பா மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து ஓடைகள் சமதரையில் ஊர்ந்து கடலில் சேரும். வேறுவிதமான ஓடையை எங்களில் எவரும் கண்டதில்லை.

மூடுபனிக்குள் தோணி கரை தேடினால் கரையில் நிற்பவர் விடாமல் கூப்பிடுவார், தோணிக்காரர் பதில் கொடுப்பார். அதுதான் ஊர் வழக்கம். மாமா தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி ராத்தாவைப் போர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்: "இப்ப நீதான் கரை. வாயை மூடக் கூடாது, விளங்கிச்சா?"

"ஓஓய்!" என்றேன். கீழேயிருந்து "ஓஓய்!" என்றார். நான் எண்ணத் தொடங்கினேன். ஆறேழு தரத்துக்குப் பிறகு அவருடைய குரல் மெலிந்து கீச்சென்று ஆகிவிட்டது.

"குளிர் தொண்டையைப் பிடிச்சிட்டுது, பாவம்," என்றார் உம்மா. வாப்பா இரண்டு தரம் அவரைத் தேடிப் போக எழுந்தார். இரண்டு தரமும் பதில் வந்ததால் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பாதை வழியாகக் காவலர்கள் இருவர் எங்களைத் தேடி வந்தார்கள். ஒருவர் ராத்தாவைத் தூக்கிக்கொண்டார். மற்றவர் எங்களைப் பார்த்தார்.

"அஞ்சு பேர் வந்தது. மத்த ஆள் எங்க?"

"மாமா ஓடையோட போறார். பதினேழு தரம் பதில் தந்தவர்," என்றேன் பெருமையாக.

"ஓடை அந்தப் பத்தைப் புதரோட முடியும். அங்கால பள்ளம். பெரிய பள்ளம்."

அவர் கைகளை வாயருகே குவித்து ஒரு தரம் கூப்பிட்டார். பள்ளத்துக்கு அப்பாலிருந்து அவருடையதைப் போலவே கனத்த ஒரு குரல் பதில் சொன்னது.

வாப்பா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். "யா அல்லாஹ், என்ட தம்பி!" என்று உம்மா அலறினார்.

அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்குத் துணையாக அந்தப் பக்கத்திலும் ஒரு காவலர் நிற்கிறார், குரல் கேட்டதே! ஆட்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன். காவலர்கள் மூன்று பேர், நாங்கள் ஐந்து பேர். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.