கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் ஒரு சரக்கு ரயில்

ஆல்டூனா நகரத்தின் மாதிரி ரயில் சங்கத்தில் முழு உறுப்பினர் என்பதற்கு அடையாளம் கூடத்தின் சாவி. அது இல்லாதவர், வேறொருவர் வந்து கதவைத் திறக்கும்வரை பனியில் நிற்க வேண்டும். 1978-ஆம் ஆண்டின் குளிர்காலம் முழுவதும் வெர்னா ஹோஸ்டெட்டர் அப்படித்தான் நின்றார். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமையல் செய்பவர். சங்கத்தில் சேர்ந்த முதல் பெண். தாம் கட்டிய குட்டி ரயில், சங்கத்தின் பாதையைத் தடங்கலின்றி ஒருமுறை சுற்றிவந்தால் சாவி கிடைக்கும். பொதுமக்கள் வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நடக்காவிட்டால் இன்னும் ஓராண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

சக்கரங்களையும் கொக்கிகளையும் தவிர வெர்னா எதையும் கடையில் வாங்கவில்லை. கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவின் அட்டையில் நகப்பூச்சு தடவி இறுகவைத்து, பெட்டிகளுக்குச் சுவர் எழுப்பினார். மெல்லிய அலுமினியத் தட்டைச் சீப்பின்மேல் வைத்து அழுத்தியதில் வரிவரியான கூரை கிடைத்தது. கொசுவலைத் துண்டு ஏணியாயிற்று. காகித கிளிப்பை நிமிர்த்தி அடியில் ஒட்டினால் பிரேக் குழாய். பெட்டிகள் தடம் புரளாமலிருக்க உள்ளே இரும்பு நட்டுகளை வைத்தார். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கையால் தள்ளியபோது ரயில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வியாழக்கிழமை சோதனை. இழுப்பதற்குச் சங்கத்தின் எஞ்சின். சங்கத் தலைவர் டோர்சி யிங்லிங் பெட்டிகளைக் குனிந்து பார்த்தார்.

"இது சரக்கு ரயிலா, காலை டிபனா வெர்னா?"

"பசிச்சா கடைசிப் பெட்டியிலேருந்து ஆரம்பிங்க டோர்சி."

பாதிச் சுற்று சரியாகவே போயிற்று. பாதையோரப் பொம்மை நிலையத்தின் முகப்பில் மூன்றாம் பெட்டி வெடுக்கென்று நின்றது, கொக்கி கழன்றது, முன்னிரண்டு பெட்டிகளோடு எஞ்சின் தன்பாட்டுக்குப் போய்விட்டது. மறுபடி ஓட்டியபோதும் அதே இடம், அதே கதி.

"உள்ள கனத்துக்கு என்ன வெச்சீங்க?"

"இரும்பு நட்டு. மூணாவதுல கொஞ்சம் அதிகம்."

"அட கடவுளே! வண்டிய நிறுத்தினா கொக்கி தானா கழலட்டும்னு அந்த எடத்துல தண்டவாளத்துக்கு அடியில காந்தம் வெச்சிருக்கோம். அது உங்க இரும்பைப் பிடிச்சு நிறுத்துது. வீட்ல நீங்க எப்படிக் கழட்டுவீங்க?"

"பல்குச்சியால."

கூடமே சிரித்தது. தேறாத வண்டிக்குச் சிவப்பு அட்டை கட்டுவது சங்கத்தின் வழக்கம். பெட்டிகள் எல்லாவற்றிலும் டோர்சி அதைக் கட்டினார்.

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு," என்றார்.

வீட்டில் கணவர் மெர்ல் மீன்பிடிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உன் ஈயக் குண்டெல்லாம் எனக்கு வேணும்."

"அப்போ தூண்டில்ல நான் என்னத்தக் கட்டறது?"

"நட்டு தரேன். ஆத்துக்கு அடியில யாரும் காந்தம் வெக்கல."

வெர்னா ரயில் பெட்டிகளின் அடிப்பலகையைப் பிளேடால் பிரித்து நட்டுகளை எடுத்தார். ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டையாக்கி அங்கே ஒட்டினார். கிளிப்புக் கம்பிகளுக்குப் பதிலாகத் துடைப்பக் குச்சிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பொருத்தினார்.

சனிக்கிழமை மாலை மூன்றாம் பெட்டி காந்தத்தின்மேல் வந்தது. அது நிற்கவில்லை, பின்னால் வந்தவையும் நிற்கவில்லை. சுற்று முடிந்ததும் டோர்சி நம்பாதவர்போல இன்னொருமுறை ஓட்டினார். பிறகு சாவியை மேசையில் வைத்துவிட்டு, சிவப்பு அட்டைகளை அவிழ்த்துக் குப்பைக்கூடையின் பக்கம் நீட்டினார்.

"போட்டுடாதீங்க!" என்று வெர்னா தடுத்தார். சாவியை எடுக்குமுன் அட்டைகளை வாங்கி, விரலால் வளைத்துப் பார்த்தார்.

"நல்ல தடிமன். அடுத்த பெட்டிக்குக் கதவு இதுலதான்."