அப்பாட்டச் சொல்லு, பெரியப்பாட்டச் சொல்லு

எங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் பாய்ப்படகு ஒன்று இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கனடாவின் ஸ்காபரோவில் தமிழர் வீடுகளில் வான் வண்டி இருக்கும், கராஜுக்குள் பத்து வருடமாகத் திறக்காத பெட்டிகள் இருக்கும். படகு இருக்காது. எங்களுக்கு இருந்தது. பெரியப்பா வேலை செய்த தொழிற்சாலையின் சுப்பவைசர், வயதுபோய் மகனோடு இருக்க வன்கூவருக்குப் போனபோது மலிவாகக் கொடுத்த பழைய படகு. அப்பாவும் பெரியப்பாவும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். புது வாகனத்துக்குப்போல இதற்கும் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றார். படகுக்கு ஏது சில்லு? அதை இழுத்துவந்த ட்ரெயிலரின் சில்லுக்குக் கீழே வைத்து நசித்தார்கள். காப்பு முழுவதும் ட்ரெயிலருக்குப் போய்ச் சேர்ந்தது.

படகு ஓட்டப் பழகும் வகுப்புக்கும் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போனார்கள். அங்கேதான் பிழை விட்டார்கள். எதையும் பங்கு பிரித்தே பழகியவர்கள், படிப்பையும் பிரித்துக்கொண்டார்கள். பெரியப்பா சுக்கான் பிடிக்கப் படித்தார். அப்பா பாயையும் கயிறுகளையும் படித்தார். மற்றவர் இருக்கிறார்தானே என்ற நம்பிக்கையில் இருவருமே மற்றப் பாதியைக் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம் பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம். மேடையில் படம் எடுக்க ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டவர் எங்களைக் கூப்பிட மறந்துபோனார். மறந்தவர் மைக் பிடித்திருந்த யாரோ ஒரு மனிதர். அப்பாவுக்குக் கோபம் வந்தது பெரியப்பாமேல். சாப்பிடாமலே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணத்தில் கூடப்பிறந்த தம்பி கை நனைக்காமல் போனால் சும்மா விடலாமா? பெரியப்பாவுக்கும் ரோசம் வந்தது. மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கும் மில்லிக்கனில் இருந்த அவர்கள் வீட்டுக்கும் இடையில் ஆண்களின் போக்குவரத்து அன்றோடு நின்றது. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் நாள் தவறாமல் ஃபோனில் கதைத்தார்கள். படகு ஏரித்துறையில் கட்டிய இடத்திலேயே கிடந்தது. சுக்கான் தெரிந்தவருக்குப் பாய் தெரியாது, பாய் தெரிந்தவருக்குச் சுக்கான் தெரியாது.

இப்படியே சில கோடைகள் போயின. கடைசியில் படகை விற்பது என்று முடிவானது. அந்த முடிவையும் பெண்கள்தான் ஃபோனில் அங்கும் இங்கும் காவினார்கள். வாங்குகிறவர் கோபர்க் பட்டினத்துக்காரர். படகை ஏரிவழியாக அங்கே கொண்டுவந்து தரச் சொன்னார். விட்பியில் ஒரு இரவு, பௌமன்வில்லில் ஒரு இரவு தங்கி, ஆறுதலாகப் போகும் பயணம். இரண்டு பேரும் போகாவிட்டால் படகு அசையாது. ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடமும் லீவு.

புறப்படும்போது அம்மா எனக்கு லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டிவிடுகிற சாட்டில் காதுக்குள் சொன்னார்:

"ரண்டு பேரும் ஒரு சொல்லாவது நேர கதைக்கினமோ எண்டு பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்ல வேணும்."

படகும் போய்விட்டால் அண்ணனையும் தம்பியையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஒன்றுமே மிஞ்சாது என்பது அவருடைய பயம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும், பொறுத்துப் பார் என்று பெரியம்மா தைரியம் சொல்லியிருந்தார். என்னுடைய கணக்கு வேறு. இரண்டு பேரும் கதைத்தால் படகை விற்க மாட்டார்கள். எனக்குப் படகு வேண்டும்.

துறையை விட்டு வெளிக்கிட்டதுமே என் உத்தியோகம் தொடங்கியது.

"பிள்ளை, அப்பாட்டச் சொல்லு, திருப்பப் போறன் எண்டு."

"பெரியப்பாட்டச் சொல்லு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி."

அந்தப் படகில் யார் தும்மினாலும் எல்லோருக்கும் கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை இருவரும் செவிடர்போல இருப்பார்கள். காற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் சொல்லி முடிப்பதற்குள் படகு திரும்பி, பாயின் அடிக்கட்டை ஒரு வீச்சு வீசி, பெரியப்பாவின் தொப்பி ஏரியில் விழுந்தது. யாருடைய பிழை என்று இருவரும் என்னிடமே முறையிட்டார்கள். பிறகு நான் சொந்தமாகக் கொஞ்சம் மரியாதை சேர்க்கத் தொடங்கினேன். "பெரியப்பா, பிளீஸ் கொஞ்சம் பொறுக்கட்டாம்" என்றேன். உன் கொப்பன் பிளீஸ் சொன்னவரோ என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். பக்கத்தில் இருந்த அப்பா ஏரியைப் பார்த்தார்.

விட்பியில் அவரவர் வீட்டுச் சாப்பாட்டை அவரவர் சாப்பிட்டார்கள். அப்பாவுக்கு அம்மா கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும், பெரியப்பாவுக்குப் பெரியம்மாவின் புட்டும் கட்லெட்டும். எனக்கு மட்டும் இரண்டு பக்கத்திலும் உரிமை இருந்தது. மற்ற நாள் மத்தியானம், கட்லெட் மிச்சம் இருக்கிறதா என்று பெரியப்பாவைக் கேட்கும்படி அப்பா என்னிடம் சொன்னார். பெரியப்பா டப்பாவை என் மடியில் வைத்தார். அதில் மூன்று இருந்தன. அப்பா மூன்றையும் சாப்பிட்டார்.

அன்றைக்குக் காற்று விழுந்துபோயிருந்தது. பாய் தொங்கியது. கரை இடது பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. செய்ய வேலை இல்லாததாலோ என்னவோ பெரியப்பா என்னைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்.

"அப்பாட்டக் கேள் பிள்ளை, முதல் வின்ரர் வெக்ஸ்போர்ட் அப்பாட்மென்டிலை ஆரின்ரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர் எண்டு."

எனக்கு இது புதுக்கதை. வந்த புதிதில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில், பனிக்குப் போடும் சப்பாத்தும் ஒரே சோடி. பெரியப்பாவுக்கு இரவு வேலை, அப்பாவுக்குப் பகல் வேலை. விடிய வாசலில் சந்திப்பார்கள். ஒருவர் சப்பாத்தைக் கழற்ற, மற்றவர் அதைச் சூட்டோடு மாட்டிக்கொண்டு ஓடுவார். அது இரண்டு பேரும் காசு போட்டு வாங்கிய சப்பாத்து என்று என் மூலம் அப்பா பதில் அனுப்பினார். காசு போட்டால் என்ன, அளவு பார்த்து வாங்கியது தன் காலுக்குத்தானே என்று பெரியப்பா என் மூலம் சிரித்தார். அப்பா கொஞ்ச நேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பாட்டச் சொல்லு, அது எனக்கு ரண்டு சைஸ் பெரிசு. முன்னுக்குப் பேப்பர் அடைஞ்சு போட்டுக்கொண்டுதான் போனனான் எண்டு."

சொன்னேன். பெரியப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு அப்பாவின் கால்களைப் பார்த்தபடி, அந்தக் குளிர் முழுக்கவோ என்று கேட்கச் சொன்னார். முழுக்கத்தான் என்றார் அப்பா. அதற்குப் பிறகு, பின்னேரம் காற்று மறுபடி எழும்பும்வரை கதை ஓயவில்லை. ஒரே கட்டிலின் கதை, கருகிய பருப்பின் கதை, தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிய கதை. எல்லாவற்றையும் இங்கும் அங்கும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. ஒரு சொல்கூட நேரே கதைக்கவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டே பௌமன்வில்லில் நித்திரையானேன்.

மூன்றாம் நாள் நல்ல காற்று. போர்ட் ஹோப் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நான் சொல்ல முன்னமே பெரியப்பாவின் கை பார்த்து அப்பா கயிற்றை விட்டார், அப்பாவின் தோளைப் பார்த்து பெரியப்பா சுக்கானைத் திருப்பினார். என் உத்தியோகம் பறிபோவதுபோல இருந்தது. கோபர்க்கில் வாங்குகிற வெள்ளைக்காரரும் மனைவியும் காத்து நின்றார்கள். காசும் படகின் திறப்புக் கொத்தும் கை மாறின. மனிதருக்குப் பொறுமை இல்லை, அப்போதே பாயை விரித்து வெளியே கொண்டுபோனார்.

அப்பாவும் பெரியப்பாவும் துறைமேடை விளிம்பில் நின்று பார்த்தார்கள். நான் நடுவில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. வெளியே பாய் படபடவென்று அடித்தது.

"பிள்ளை, அப்பாட்டச் சொல்லு, உவன் பாயை இழுத்துக் கட்டேல்லை எண்டு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்பா, பெரியப்பா சொல்லச் சொன்னவர் என்று தொடங்கினேன். அதற்குள் அப்பா படகில் வைத்த கண் எடுக்காமல் சொன்னார்:

"ஓம் அண்ணை, கயிறு தளந்து கிடக்கு."

அவ்வளவுதான். இருவரும் படகு சின்னதாகும்வரை நின்றார்கள்.

அம்மா வானோடு வந்து கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார். அவர்கள் இரண்டு பேரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, நான் முன்னால் ஓடிப்போய் என் குறையை அம்மாவிடம் கொட்டினேன். மூன்று நாள் தொண்டை வறள எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், கடைசியில் என்னைச் சொல்ல விடாமல் அப்பா குறுக்கே விழுந்துவிட்டார், படகையும் விற்றுவிட்டார்கள், எல்லாம் வீண் என்றேன். அப்பா என்ன சொன்னவர் என்று அம்மா கேட்டார். சொன்னேன். அம்மா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். பிறகு, இன்னொருக்கால் சொல்லு, அப்பா சொன்னமாதிரியே சொல்லு என்றார்.

சொன்னேன். மறுபடியும் கேட்டார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று நினைத்து, இந்த முறை சத்தமாகவே சொன்னேன்.