தெற்கே தலை வைக்காத பிணம்

போன வாரம் தொலைக்காட்சியில் அந்த நகைச்சுவை நடிகருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். நடித்தும் இயக்கியும் தாத்தா முதல் பேரன் வரை எல்லோரையும் சிரிக்க வைத்த மனிதர், கைத்தாங்கலாகத்தான் மேடை ஏறினார். நீங்கள் எடுத்ததிலேயே உங்களை அழ வைத்த காட்சி எது என்று தொகுப்பாளினி கேட்டாள். “அது படத்துல வரலம்மா” என்றார். அதுவும் நகைச்சுவைதான் போல என்று சபை முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை சிரிக்கவில்லை. “ஆளு ரொம்ப எளச்சிப்பூட்டாரு, பாவம்” என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் காட்சி எங்கள் ஊரில் எடுத்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். கழனி வேலை இல்லாத மாதங்களில் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். அப்படிப் போன மாமா, அதாவது அத்தையின் புருஷன், அந்த வருடம் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். தகவல் வந்து அப்பா போய்ச் சேர்வதற்குள் அங்கேயே எரித்துவிட்டிருந்தார்கள். அப்பா மாமாவின் துணிப்பையோடு திரும்பி வந்தார்.

எங்கள் பக்கத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி வைத்தால் செத்தவனோடு சண்டை போட்டவன்கூடத் துண்டால் கண்ணைத் துடைப்பான். அப்படிப்பட்டவள் சொந்தப் புருஷனுக்கு ஒரு வரி பாடவில்லை. “பொணம் இல்லாத வூட்ல யார பாத்துடி அயுவுறது?” என்று அம்மாவிடம் கேட்டாளாம். கருமாதி முடிந்த கையோடு களையெடுக்கப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்கப்புறம் எந்தச் சாவுக்கும் போவாள், ஓரமாக உட்கார்வாள், எழுந்து வந்துவிடுவாள். வாயைத் திறக்க மாட்டாள். இனி இந்த ஜென்மத்தில் ஒப்பாரி இல்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதை இதுதான்: ஊரில் பெரிய பணக்காரக் கருமி ஒருவன், தனக்காக யார் நிஜமாக அழுகிறார்கள் என்று பார்க்க, செத்ததுபோல நடிக்கிறான். கருமி வேடம் அவருக்கு. இயக்கமும் அவரே. சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க எங்கள் ஊர்ப் பெண்கள் வேண்டுமென்றார்.

என் அத்தை சினிமாவில் வர வேண்டும் என்று நான் தீர்மானித்துவிட்டேன். நேராக அவரிடமே போய், “எங்க அத்த அயுதா கல்லுகூட அயுவுங்க” என்றேன். அவர் குனிந்து என்னைப் பார்த்து, “அப்ப கல்ல விடு, அத்தையக் கூட்டிட்டு வா” என்றார். அத்தை முடியாது என்றாள். நான் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன். எங்கள் வம்சத்துக்கே பிடித்தால் குரங்குப்பிடிதான்; யார் முதலில் இறங்குவது என்பதுதான் கேள்வி. மறுநாள் காலையும் நான் தட்டைத் தள்ளியபோது அத்தை இறங்கினாள்.

“வந்து உக்காருவேன். வாய தெறக்கமாட்டேன். சரியா? துன்னு.”

ஊர்ப் பெரிய வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, மூக்கில் பஞ்சு. பெண்கள் வந்து பார்த்தார்கள், அப்படியே நின்றுவிட்டார்கள். உதவி இயக்குநர் ஒருவர் உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். ஒருத்தியும் அசையவில்லை. நடிகர் பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, “என்னம்மா பிரச்சனை?” என்றார்.

முன்னால் நின்ற என் பெரியம்மா சொன்னாள்: “உசுரோட கீறவர தெக்க தல வெச்சி படுக்க வெச்சிக்கீறாங்க. நாங்க அயுது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா உங்க வூட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? கெயக்க தல வைங்க.”

“கிழக்க வச்சா?”

“கெயக்க வெச்சா தூங்கறவரு.”

“தூங்கறவனுக்கு ஒப்பாரி வைக்கலாமா?”

“அது சினிமாங்க. வெக்கலாம்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கேட்டுக்கொண்டார். பெஞ்சைத் திருப்பினால் வெளிச்சம் மாறும், கேமராவைத் திருப்பினால் பின்னால் மலைக்குப் பதில் மாட்டுக்கொட்டகை தெரியும் என்று ஒளிப்பதிவாளர் புலம்பினார். தெரியட்டும் என்று எல்லாவற்றையும் திருப்ப வைத்தார். திரும்பப் படுக்கும் முன் தன் ஆட்களிடம், “நான் கட் சொல்ற வரைக்கும் ஓடணும். வேற எவனும் சொல்லக் கூடாது” என்றார்.

கேமரா ஓடியது. பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துச் சிரித்தார்கள். அழுகை வருவேனா என்றது. அத்தை பெஞ்சின் கால்மாட்டில் சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது யாரோ ஒருவர், பக்கத்தில் இருப்பவள் என்பதால், பிணத்துக்குப் போர்த்தும் கோடித்துணியை அவள் கையில் கொடுத்துப் போர்த்தச் சொல்லிச் சாடை காட்டினார். புதுத்துணி, மடிப்புக்கூடக் கலையவில்லை. அத்தை அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துத் தடவினாள். பிறகு எழுந்து பிரித்து, கால் முதல் கழுத்து வரை, குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்தினாள். போர்த்திய கை துணியிலேயே நின்றது.

“சாரத்து மேல ஏறினியே என் ராசா, நீ
சறுக்குனத நான் பாக்கலியே
சிமிட்டி சொமந்த தோளு மேல ஒரு
கோடித்துணி நான் போத்தலியே…”

பெண்களின் சிரிப்பு நின்றது. அம்மா ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒதுக்குவதை விட்டுவிட்டார்கள். அத்தை பாடிக்கொண்டே போனாள். மாமா கடைசியாக ஊருக்கு வந்தபோது கேட்ட கருவாட்டுக் குழம்பு, வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போன கொலுசு, எல்லாம் வந்தது.

கதையில் அந்த நடிகரோ பணக்காரர். சாரத்தில் ஏறவே இல்லை. அத்தை எல்லாவற்றையும் தப்பாகப் பாடுகிறாளே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஒளிப்பதிவாளர் பிலிம் ஓடுகிறது என்று கையால் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கட் சொல்ல வேண்டியவரோ செத்துக் கிடந்தார். கண்ணைத் திறக்கவில்லை. அத்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் காலும் அசையவில்லை. பிலிம் தீர்ந்து கேமரா தானாக நின்ற பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அத்தைக்குக் குரல் கம்மி, விசும்பலும் ஓய்ந்து, அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகுதான் மெல்ல எழுந்தார். அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றைக்கு அதற்குமேல் படப்பிடிப்பு நடக்கவில்லை.

படம் வந்ததும் நான் யாரையும் விடவில்லை. சொந்தபந்தம் மொத்தத்தையும் பஸ் ஏற்றி, கள்ளக்குறிச்சியில் மதியக் காட்சிக்கு இழுத்துப் போனேன். அந்த இடம் வந்தது. எங்கள் மலை இல்லை, மாட்டுக்கொட்டகை இல்லை. யாரோ மெட்ராஸ் பெண்கள் பூ வைத்துக்கொண்டு “ஐயோ ஐயோ” என்று மாரடித்தார்கள். பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. தியேட்டரே அதிர்ந்து சிரித்தது. அத்தையும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. நான் ஒருத்திதான் அழுதேன். இனி இந்த ஆளின் படத்தைச் சாகும்வரை பார்ப்பதில்லை என்று அங்கேயே சபதம் செய்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை மடியில் உட்கார்ந்திருந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை.

“எல்லாம் உன்னாலதான். கதயில அவரு பணக்காரரு. நீ இன்னாத்துக்கு சாரம், சிமிட்டின்னு பாடுன? அதான் உன்ன வெட்டிட்டாங்க.”

அத்தை ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஆமாண்டி. தப்பா பாடிட்டேன். அவரு நல்ல மனுசன், கண்டுபுடிச்சிக்கினாரு.”

ஒருவழியாகத் தன் தப்பை ஒத்துக்கொண்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை, எந்த வரிக்குப் பதில் எந்த வரியைப் பாடியிருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அத்தை எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.