கொதித்தும் சாகாதது

கொண்டாப்பூரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டுக்கு லாரித் தண்ணீர்தான். அதில் என்ன நீந்துகிறது என்று பார்க்காமல் ஐந்து வயது மகளுக்குக் குடிக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது. கோட்டி கடைத்தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய மைக்ரோஸ்கோப் ஒன்று வைத்திருந்தேன். விடுமுறை நாட்களில் குட்டைத் தண்ணீர், பாசி, கொசுப்புழு என்று எதையாவது ஸ்லைடில் வைத்து, சின்ன டிஜிட்டல் கேமராவை அதன் லென்ஸ் மேல் அழுத்திப் பிடித்துப் படமெடுப்பேன். "ஆபீஸ்ல நாள் முழுக்க குத்தம் கண்டுபிடிக்கிறது போதாதா?" என்பார் கணவர். சாப்ட்வேரில் பிழை தேடுவதுதான் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் அதைப் பார்த்தேன். கொக்கி போல வளைந்த, நிறமில்லாத ஒரு நூல். நேராகப் பார்க்கப் போனால் ஓரத்துக்கு நழுவும். நான் அசையாமல் இருந்தால் மெதுவாகக் கீழே இறங்கும். நான் பார்ப்பது அதற்குத் தெரிகிறதோ என்று தோன்றியது.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பார்த்தேன். இருந்தது. கேன் தண்ணீரிலும் இருந்தது. இது என் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறதே என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. லாரிக்காரரை மாற்றச் சொல்லி மாடி மாடியாக ஏறிச் சண்டை பிடித்தேன். ஆதாரம் கேட்டார்கள். எத்தனை படம் எடுத்தாலும் அது விழவே இல்லை. மட்டமான கேமரா என்று திட்டினேன். கண்ணோரத்தில் அடிக்கடி வெளிச்சம் வெட்டியது. மைக்ரோஸ்கோப்பின் அடிக்கண்ணாடி கூசுகிறது என்று அதைத் திருப்பி வைத்தேன்.

கணவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். உங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு மகள் முக்காலியில் ஏறிப் பார்த்தாள். "ஏமீ லேதம்மா" என்றாள். நான் தமிழில் கேட்டாலும் அவள் பள்ளிப் பழக்கத்தில் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். ஒன்றுமே இல்லையாம்.

அவளை நகர்த்திவிட்டு நான் குனிந்தேன். இருந்தது. ஸ்லைடை உருவினேன். வெறும் வெளிச்சம். அந்த வெளிச்சத்திலும் அது நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. பயந்து நிமிர்ந்தேன். அது என் மகளின் கன்னத்தின் மேல் ஊர்ந்து கழுத்துக்கு இறங்கியது. நான் போட்ட கூச்சலில் அவள் அழுதுவிட்டாள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, என் வலக்கண்ணில் விழித்திரை கிழிந்து பிரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே மிதந்த துணுக்கின் நிழல்தான் அந்த நூல். என்னைப் போலத் தடித்த கண்ணாடி போட்டவர்களுக்கு வருவதாம். மைக்ரோஸ்கோப் லென்ஸின் குறுகிய வெளிச்சத்தில் அந்த நிழல் முன்கூட்டியே தெரிந்தது. முற்றிய பிறகு வெளியிலும் தெரிந்தது. வெளிச்சம் வெட்டியபோதே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மைக்ரோஸ்கோப்பில் எப்போதும் வலக்கண்ணாலேயே பார்த்துப் பழகியவள் நான். அன்று எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பிள்ளை வயிற்றில் ஒன்றுமில்லை.

அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. இப்போது என் வலப்பக்கம் நின்று மகள் என்னைக் கூப்பிடுவதில்லை. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்றுதான் "அம்மா" என்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.