நிகாசியோவின் சட்டை

பெரு நாட்டில், எங்கள் லீமாவில் தெருவைத் தோண்டினால் தண்ணீர் வராது, பிணம்தான் வரும். அதனால் எரிவாயுக் குழாய் போடுகிற ஆட்களோடு பழங்கால எலும்பு பார்க்கும் யோவானா மேடமும் வருவார். ஆனால் அவருக்கு முன்னால் குழியில் இறங்குகிறவர் எங்கள் தெருக் கடப்பாரைக்காரர் தொன் மெலிட்டோன். இறங்கியதும் மண்டையோட்டின் வாயைப் பார்ப்பார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு முன், உள்நாட்டுச் சண்டைக் காலத்தில், அவர் தம்பி நிகாசியோவைப் பட்டாளத்து லாரி இதே தெருவில்தான் ஏற்றிக்கொண்டு போனது. ஆள் திரும்பவில்லை. தம்பிக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. சிறுவயதில் கவண்கல்லால் உடைத்தது அண்ணன்தான்.

அண்ணன் தம்பி பிறந்த மலையூரில் புதைத்த ஐந்தாம் நாள் செத்தவரின் துணியைத் துவைப்பார்கள். அதற்குப் பிறகுதான் போனவர் போனவராகக் கணக்கு. புதைக்க உடம்பே இல்லாததால் நிகாசியோவின் சட்டை, காலர் அழுக்கோடு, அண்ணனின் கட்டிலடியில் கிடந்தது.

நாங்கள் விடுவோமா?

"தொன் மெலிட்டோன், இன்னைக்கு வந்தவருக்குப் பல்லு விளக்கி விட்டாச்சா?"

"உனக்கு விளக்கி விடறேன் வா, மம்பட்டியால."

ஜூலைக் குளிரில், ரொட்டிக்கடை வாசல் குழியில் ஒருவர் வந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி. மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

தொன் மெலிட்டோன் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினார். மலையூர்க்காரர்கள் செத்தவருக்குப் படைக்கிற கோக்கா இலையைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார். யாரையும் தொட விடவில்லை. என் வாய்வரைக்கும் ஒரு கிண்டல் வந்தது. வந்த வழியே போய்விட்டது.

யோவானா மேடம் குழியோரம் உட்கார்ந்தார். "இது எண்ணூறு வருஷம் இருக்கும், தொன் மெலிட்டோன். சுத்தியிருக்கற துணியப் பாருங்க."

"தெரியும் மேடம். நூறு பேரத் தோண்டியிருக்கேன், தெரியாதா?"

"அப்புறம் ஏன் எடுக்க விடமாட்டேங்கறீங்க?"

"எனக்கு அறுபத்தஞ்சாச்சு. இனிமே எத்தன தெரு தோண்டுவேன்? இவருக்கும் அழ ஆளில்ல. இன்னைக்கு ஒரு நாள் என் தம்பியா இருந்துட்டுப் போகட்டும்."

மேடம் மாலைவரை எலும்பு வைக்கிற பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு எண் ஒட்டி ஏற்றினார்கள். மறுபடியும் ஒரு லாரி. தொன் மெலிட்டோன் தெருமுனைவரை அதன் பின்னால் நடந்தார்.

ஐந்தாம் நாள் அவர் வாசலில் தகர அண்டாவில் அந்தச் சட்டை நனைந்தது. சட்டையின் கையைத் தேய்த்தார், முதுகைத் தேய்த்தார். காலரை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டார். பிறகு அதையும் தேய்த்தார்.

கொடியில் கிடக்கிற துணியை விளையாட்டுக்கு ஒளித்து வைப்பது எங்கள் தெருவில் என் வேலை. ஜூலைத் தூறலில் அந்தச் சட்டை நான்கு நாள் காயாமல் தொங்கியது. நானும் போனேன். காற்றில் நழுவிய ஒரு கையை இழுத்துக் கிளிப் மாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மருந்துக்கடை முன்னால் ஒரு மண்டையோடு வந்தது.

"தொன் மெலிட்டோன், வாங்க!"

அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். "மேடத்தக் கூப்பிடு," என்றார். குனியவே இல்லை.