நாற்றமில்லாத சுறாத் துடுப்பு

என் வாழ்நாளில் நான் செய்த கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்றுதான். அது பொய் என்று தெரிந்த நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு லேசாகிறது.

ஐம்பதுகளின் தொடக்கம். வேதியியலில் டாக்டர் பட்டத்துக்காக, புரத மூலக்கூறு எப்படி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். மற்றவர்கள் எலிவால் தசைநாரை எடுத்துக்கொண்டார்கள். ராயபுரத்துக்காரனான நான் சுறாத் துடுப்பை எடுத்துக்கொண்டேன். அதைப் பிளந்தால் உள்ளே கண்ணாடி ஊசிபோல் இழைகள் இருக்கும். ஓர் இழையை நிறுத்தி எக்ஸ்ரே பாய்ச்சினால் பிலிமில் கறைகள் விழும். அந்தக் கறைகளை அளந்து முறுக்கை ஊகிக்க வேண்டும். சோழி போட்டுப் பார்ப்பவனுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், அவனுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மிளகாய் மண்டி வைத்தவர். “இன்னும் எத்தனை நாளைக்குலே மீன் செறகையே பாத்துக்கிட்டு இருப்பே? தை பொறக்கதுக்குள்ள எழுதிக் குடு. இல்லேன்னா கல்லாவுல வந்து உக்காரு” என்று சொல்லிவிட்டார். மிளகாய் மூட்டை வாயைப் பிரித்தாலே ஒன்பது தும்மல் தும்முகிறவன் நான். ஆகவே ஆய்வில் என் ஆர்வம் அளவுகடந்திருந்தது.

துடுப்பு கொடுத்தது கடற்கரையில் சுறா அறுத்துக் காயவைக்கும் ஓர் அக்கா. அவர் புருஷன் கட்டுமரத்தில் போவார். வாராவாரம் எனக்கென்று அக்கா இரண்டு பச்சைத் துடுப்பை எடுத்து வைப்பார். மற்றதெல்லாம் காய்ந்து சிங்கப்பூருக்கு சூப்பாகப் போகும். நான் என் பங்கை வாழையிலையில் சுற்றிக்கொண்டு, ஊரின் மறுகோடியிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு பஸ் ஏறுவேன்.

ஒருநாள் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னாய்யா, பொணத்த மூட்ட கட்டிகினு வந்துகீறே? எறங்குய்யா!” என்றார். இறங்கினேன். அக்காவிடம் போய்ப் புலம்பினேன்.

“பேஜாராப் பூட்ச்சா நைனா? வுடு, நான் பாத்துக்கறேன்” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து துடுப்பு நாறவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆராய்ச்சியாளனுக்குரிய பக்குவம் என் மூக்குக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எடுத்த பிலிம்களில்தான் ஒரு வட்டம் வந்தது. அந்த இடத்தில் சின்னக் கீற்று ஒன்று விழும் என்பது உலகத்துக்கே தெரியும். என் பிலிமிலோ அதன்மேல் காம்பஸ் வைத்துக் கீறியதுபோல் முழு வட்டம். இதுவரை யாரும் காணாத இரண்டாவது புரதச் சங்கிலி என்று முடிவுகட்டி, நாற்பது பக்கத்தில் ஓர் அத்தியாயம் எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, “ரொம்ப நன்னா இருக்கு. அதான் பயமா இருக்கு” என்றார். முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது என்று ஏற்பாடு.

சனிக்கிழமை காலை, அரை ராத்தல் அல்வாவோடு அக்காவிடம் போனேன்.

“முட்ச்சிட்டியா நைனா? இன்னா கண்டே?”

“உங்க சுறாவுல இதுவரைக்கும் யாருமே பாக்காத ஒண்ணு இருக்குக்கா.”

“கீதுல்ல பின்ன! ஒனக்குன்னு மூணு தபா உப்புத் தண்ணில ஊறப் போட்டு, நெழல்ல காயவெச்சு குட்த்தேன். சிங்கப்பூர்காரனுக்கே ஒரு தபாதான்.”

“உப்பா?”

“பின்ன இன்னா, சென்ட்டா? பஸ்காரன் எறக்கி வுட்டான்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு வந்தது யாரு?”

உப்புப் படிகம் கூர்மையான வட்டமாக விழும். எங்கே விழும் என்றும் கணக்கு உண்டு: கிட்டத்தட்ட அந்தக் கீற்றின் மேலேயே. அந்தக் கணக்கை ஜூனியர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

“அக்கா, உப்பே படாத துடுப்பு ஒண்ணு வேணும். இப்பவே.”

“நாறுமேய்யா!”

“நாறட்டும்.”

அப்போதுதான் கரையேறியிருந்த சுறாவிலிருந்து ஒன்றை அறுத்துக் கையில் திணித்தார். “இந்தா. பஸ்ல ஏத்த மாட்டான், சொல்லிட்டேன்.”

மண்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்டியிலிருந்த ஆய்வுக்கூடம்வரை மிதித்தேன். எதிர்க்காற்று. அதனால் நாற்றம் எனக்குப் பின்னால் வந்தவர்களைச் சேர்ந்தது. ஞாயிறு பகல் முழுக்க எக்ஸ்ரே ஓடியது. சாயங்காலம் பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். வட்டம் இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் சின்னக் கீற்று மட்டும் சாதுவாக உட்கார்ந்திருந்தது. இருட்டறைக்குள் தனியாக நின்று சிரித்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் இரண்டு பிலிமையும் நீட்டி, “உப்பு சார்” என்றேன். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“நாற்பது பக்கம் போயிடுமே?”

“போகட்டும் சார்.”

“ஏட்டை எந்தத் தேர்வாளருக்கு அனுப்பறதா இருந்தோம் தெரியுமோ? உப்புப் படிகத்துலதான் அவர் பேரே வாங்கினார்.”

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மத்த அத்தியாயமெல்லாம் உப்புக்கு முந்தின பழைய பிலிம்தானே? அப்போ இன்னிக்கே குடுத்துடு” என்றார்.

நாற்பது பக்கத்தையும் உருவினேன். பக்க எண்களைப் பேனாவால் திருத்தினேன். மிஞ்சியதில் பெரிதாகப் புதுசு ஒன்றுமில்லை, தப்பும் இல்லை. பதினொரு மணிக்கு ஆபீசில் கொடுத்துவிட்டு வந்து, கேன்டீனில் அடுத்தடுத்து இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.